பிள்ளைகள் வார்டில் நூற்றெண்பது மணி நேரம்

அயகூச்சோ, பெரு
27 மார்ச் 2006

அன்புத் தங்கை யோவானாவுக்கு,

அக்கா ஓஃபேலியா எழுதுவது. நானும் உன் மகள் மிலியும் இங்கே சுகம். மழை இன்னும் விடவில்லை. என் வலது முழங்கால் அதைத் தினமும் எனக்கு ஞாபகப்படுத்துகிறது. மற்றபடி குறை இல்லை. நீ எப்படி இருக்கிறாய்? சரகோசாவில் குளிர் குறைந்ததா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் உன்னைப் பிடித்தால் ஐந்து நிமிஷத்தில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் பெண்கள் அறுவை வார்டுக்கு ஒரு வெளிநாட்டு மாணவி வந்திருக்கிறாள். பெயர் நெரிஸ். வேல்ஸ் நாட்டுக்காரி. இங்கிலாந்துதானே என்று யாராவது சொன்னால் முகம் சுண்டிப்போகிறது. இருபத்தோரு வயது, நர்ஸ் படிப்பில் மூன்றாம் வருஷம். பத்து வாரப் பயிற்சி. அதற்கு நான்தான் பொறுப்பு என்று மேட்ரன் என் தலையில் கட்டிவிட்டார். தங்குவதும் நம் வீட்டில், உன் பழைய அறையில். மிலிக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவளுடைய ஸ்பானிய மொழியைக் கேட்க வேண்டுமே. முதல் நாளே நான்காம் படுக்கை டோன்யா எஃப்ராசியாவிடம் போனாள். அவளுக்குப் பித்தப்பை எடுத்திருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு நாள் தோள் வலிக்கும் இல்லையா, அதை விசாரிக்கப் போனவள் ‘தோள்’ என்பதற்குப் பதில் ‘ஆள்’ என்று சொல்லிவிட்டாள்.

“உங்க ஆளு வலிக்குதா?”

டோன்யா எஃப்ராசியா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். “வலிக்கத்தான் செய்யுது மகளே. முப்பது வருஷமா வலிக்குது. அதுக்கு ஊசி ஏதாவது வச்சிருக்கியா?”

வார்டே சிரித்தது. தையல் போட்டிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நெரிஸ் மட்டும் நோட்டை எடுத்து இரண்டு சொல்லையும் எழுதிக்கொண்டாள்.

எதைப் பார்த்தாலும் அவளுக்கு ஒரு ‘ஏன்’ உண்டு. படுக்கை விரிப்பை வீட்டிலிருந்து ஏன் கொண்டுவருகிறார்கள்? கையுறையையும் ஊசியையும் சொந்தக்காரர்கள் ஏன் எதிர்க் கடையில் வாங்கி வருகிறார்கள்? ஒன்பதாம் படுக்கையில் மலைமேலிருந்து வந்த சபினா என்ற பெண்ணுக்கு யாருமே இல்லை, அவளுக்கு மட்டும் எல்லாம் எங்கிருந்து வருகிறது? வீட்டுக்குப் போகிறவர்கள் விட்டுப்போகும் பஞ்சும் கையுறையும் நான் ஒரு அலமாரியில் சேர்த்து வைக்கிறேன் அல்லவா, அதைக் காட்டினேன்.

“இது விதிப்படி சரியா டோன்யா ஓஃபேலியா?”

“இல்ல.”

அதையும் எழுதிக்கொண்டாள்.

யோவி, அவள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறவள் நீ. அவர்கள் ஊரில் ஒரு நர்ஸுக்கு எட்டு நோயாளிகளாம். உங்கள் வார்டில் எத்தனை? படுக்கையிலேயே குளிப்பாட்டும்போது நீங்கள் எங்கிருந்து தொடங்குவீர்கள்? அவள் முகத்திலிருந்து என்கிறாள், நான் காலிலிருந்து என்கிறேன். இருவருக்கும் இரண்டு நாளாக வழக்கு.

உடம்பைக் கவனித்துக்கொள். இங்கே எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அக்கா ஓஃபேலியா

•

சரகோசா, ஸ்பெயின்
18 ஏப்ரல் 2006

அன்புள்ள அக்காவுக்கு,

யோவானா. உன் கடிதம் பெரிய வியாழனன்று கைக்கு வந்தது. நான் நலம். குளிர் போய்விட்டது, காற்றுதான் போகவில்லை. ஜன்னலைத் திறந்தால் மேசையிலிருக்கும் காகிதமெல்லாம் பறக்கிறது. உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. மிலி முட்டை சாப்பிடுகிறாளா, இன்னும் ஒதுக்குகிறாளா?

குளிப்பாட்டுவதைக் கேட்டிருந்தாய். முகத்திலிருந்து தொடங்குவது புத்தகப்படி சரி. நான் கைகளிலிருந்து தொடங்குவேன். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு கையையும் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் அவருக்குப் பயம் தெளிந்துவிடும். அதன் பிறகு எங்கே தொட்டாலும் திமிற மாட்டார். இடது தோளை மட்டும் இழுக்கக் கூடாது. முதுகு துடைக்கும்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ரயிலைப் பற்றிப் பேசினால் ரொம்ப நல்லது.

மற்றதை இன்னொரு நாள் எழுதுகிறேன், கொஞ்சம் வேலை இருக்கிறது. அந்த வேல்ஸ் பெண்ணுக்கு என் அறை ஜன்னல் இறுக்கமாக இருக்கும், தூக்கித் திறக்கச் சொல்.

மிலிக்கு என் முத்தங்கள். நீயும் ஓய்வு எடு.

யோவானா

•

அயகூச்சோ
9 மே 2006

அன்பு யோவி,

உன் எழுத்தைப் பார்த்ததும் மனசு நிறைந்தது. மழை நின்றுவிட்டது, முழங்கால் சமர்த்தாக இருக்கிறது. மிலி முட்டையின் வெள்ளையை மட்டும் சாப்பிடுகிறாள். நீ எப்படி இருக்கிறாய்?

நீ எழுதியதை சபினாவிடம் செய்து பார்த்தோம். தண்ணீர்ச் சட்டியைக் கண்டாலே சுருண்டுகொள்ளும் பெண், கை இரண்டும் வெந்நீருக்குள் போனதும் கண்ணை மூடிக்கொண்டாள். “உங்க தங்கச்சி பெரிய ஆளு” என்று நெரிஸ் சொன்னாள். இந்த முறை ‘ஆள்’ சரியான இடத்தில் விழுந்தது. ஆனால் உடனே அடுத்த கேள்வி.

“அங்க எல்லா நோயாளிக்கும் ரயில் புடிக்குமா?”

உன்னிடம் கேட்பதாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு நர்ஸுக்கு எத்தனை பேர் என்பதையும் நீ எழுதவில்லை.

இங்கே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அவளிடம் ஒரு பயிற்சிப் புத்தகம் உண்டு. ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் வார்டில் இருந்தாள் என்று அதில் நான் கையெழுத்துப் போட வேண்டும். சந்தையில் பன்றி வறுவல் தின்றுவிட்டு இரண்டு நாள் வயிற்றுப்போக்கில் கிடந்தாள். நானும் கணக்குப் பார்க்காமல் அந்த இரண்டு நாளுக்கும் சேர்த்துப் போட்டுவிட்டேன். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

“இந்த ரெண்டு நாள் நான் வார்டுல இல்லையே டோன்யா ஓஃபேலியா.”

“பத்து வாரத்துல ரெண்டு நாள். யாருக்குடி தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியுமே. சாயங்காலத்துல கூடுதலா இருந்து முடிச்சிடறேன்.”

முடித்தாள். இருபத்திரண்டு வருஷ வேலையில் முதல் முறையாக, ஒரு சின்னப் பெண் முன்னால் என் கையெழுத்தை நானே கோடு போட்டு அடித்தேன். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அவளுக்குக் கூடுதலாக ஒரு ரொட்டி வைத்தேன்.

இப்போது நல்ல செய்தி. ஜூன் எட்டாம் தேதி அவள் புறப்படுகிறாள். மாத்ரித் வழியாகப் போகிறாள், அங்கே இறங்கி ரயில் பிடித்து உன்னைப் பார்க்க வருகிறாளாம். உன் ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று இப்போதே கேள்விகளை எழுதி வைத்திருக்கிறாள், நாலு பக்கம். வறுத்த சோளமும் கஷாயத்துக்கு முன்யா இலையும் கொடுத்தனுப்புகிறேன். எந்த வார்டு, எந்த வாசல், எத்தனை மணிக்கு வரலாம் என்று உடனே எழுது.

உன் நலத்தை விரிவாக எழுது. ஒரு வரி போதாது.

ஓஃபேலியா

•

அயகூச்சோ
29 மே 2006

யோவி,

உன் பதிலைக் காணோம். சுகம்தானே? இரண்டு முறை போன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. எங்களுக்கு இங்கே ஒன்றுமில்லை.

நெரிஸ் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள். ஆஸ்பத்திரி பெயரை நீ ஒரு முறைகூட எழுதியதில்லை என்று மிலி கண்டுபிடித்துச் சொன்னாள். பழைய கடிதங்களையெல்லாம் பரப்பிப் பார்த்தோம், நிஜம்தான். பரவாயில்லை, உறைமேல் இருக்கும் உன் வீட்டு முகவரியைக் கொடுத்திருக்கிறேன். பன்னிரண்டாம் தேதி காலை நேரே அங்கேயே வருவாள்.

உடம்பு சரியில்லை என்றால் மறைக்காதே.

அக்கா

•

சரகோசா
3 ஜூன் 2006

அன்புள்ள அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன், பயப்படாதே. நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம். வெளியாட்களை வார்டுக்குள் விடுவதில்லை. வீட்டுக்கும் வேண்டாம், இடம் சின்னது. நானே ரயில் நிலையத்துக்குப் போய் அவளைப் பார்க்கிறேன். எந்த ரயில் என்று மட்டும் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். மிலியையும்.

யோவானா

•

பாங்கர், வேல்ஸ்
25 ஜூன் 2006

மதிப்புக்குரிய டோன்யா ஓஃபேலியா அவர்களுக்கு,

நெரிஸ் எழுதுகிறேன். நீங்களும் மிலியும் நலமா? உங்கள் முழங்கால் நலமா? நான் நலம். தப்பாக எழுதினால் மன்னியுங்கள், அகராதி பக்கத்தில் இருக்கிறது.

உங்கள் தங்கையைப் பார்த்தேன். ஒரு முழு நாள் இருந்தேன். சரகோசாவில் ஆறு அகலமாக இருக்கிறது, தண்ணீர் மண் நிறம். காற்று என் தொப்பியை எடுத்துக்கொண்டது. சோளத்தைப் பார்த்ததும் உங்கள் தங்கை நின்றபடியே அரைப் பையைத் தின்றார். மதியம் பருப்புச் சூப்பும் ரொட்டியும் கொடுத்தார். மிலியின் படங்கள் சுவரில் பதினாறு இருக்கின்றன, எண்ணினேன்.

உங்கள் தங்கையின் கைகள் உங்கள் கைகளைப் போலவே வேலை செய்கின்றன. அதே மாதிரி அவசரம் இல்லாமல்.

எங்கள் வீட்டில் எல்லோரும் உங்களுக்கு நன்றி சொல்கிறார்கள். சபினா வீட்டுக்குப் போனாளா? என் பயிற்சிப் புத்தகத்தைக் கல்லூரியில் ஏற்றுக்கொண்டார்கள்.

மரியாதையுடன்,
நெரிஸ்

•

அயகூச்சோ
14 ஜூலை 2006

அன்பு யோவானா,

நாங்கள் சுகம். இப்போது வெயில் காய்கிறது, காலையில் மட்டும் விரல் விறைக்கிறது. நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்தபடிதான் தொடங்குகிறேன். கடைசி வரை அப்படியே நினைத்துக்கொண்டு வாசி.

நீ ஜூன் மூன்றாம் தேதி எழுதியது, அந்தப் பெண் புறப்பட்ட பிறகுதான் வந்தது. அவள் கடிதமும் வந்துவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நாலு பக்கம் கேள்வி எழுதிக்கொண்டு போனவள் அவள். நம் ஆஸ்பத்திரிக் கழிப்பறைக் கதவு ஏன் வெளிப்பக்கம் திறக்கிறது என்று என்னிடம் கேட்டவள். அவள் எழுதிய கடிதத்தில் ஆஸ்பத்திரி என்ற சொல்லே இல்லை. படுக்கை எத்தனை, நர்ஸ் எத்தனை, ஒன்றும் இல்லை. ஆறு அகலமாம், மதியம் பருப்புச் சூப்பாம்.

அப்புறம் உன் கைகளைப் பற்றி எழுதியிருக்கிறாள். வெளியாட்களை வார்டுக்குள் விடுவதில்லை என்கிறாய். உன் கை வேலை செய்வதை அவள் எங்கே நின்று பார்த்தாள்?

அதனால் உன் ஏப்ரல் கடிதத்தை மறுபடி எடுத்தேன். ‘அவருக்குப் பயம் தெளிந்துவிடும்’, ‘திமிற மாட்டார்’. நான் கேட்டது வார்டைப் பற்றி. நீ எழுதியது ஒரே ஒரு மனிதரைப் பற்றி. இடது தோள் சரியில்லாத, ரயில் பிடித்த ஒரு மனிதர்.

யார் யோவி அவர்?

நான் அதட்டுவதாக நினைக்காதே. நெரிஸ் பத்து வாரம் என்னோடு இருந்து அவள் வியாதியை எனக்கு ஒட்டவைத்துவிட்டுப் போய்விட்டாள். ஒன்று புரியவில்லை என்றால் இப்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

மிலியிடம் எதுவும் பேசவில்லை. உடம்பைக் கவனி.

உன் அக்கா

•

சரகோசா
11 ஆகஸ்ட் 2006

அக்காவுக்கு,

நீங்கள் எல்லோரும் சுகம் என்று அறிந்தேன். என் உடம்புக்கும் ஒன்றுமில்லை. இதை நாலு முறை எழுதிக் கிழித்தேன்.

நான் இங்கே நர்ஸாக இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை.

வந்த மூன்றாவது வாரம் ‘ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது’ என்று உனக்கு எழுதினேனே, அது பொய்யில்லை. அங்கே படுத்திருந்த ஒரு அம்மாவுக்குப் பக்கத்தில் துணைக்கு உட்கார ஆள் தேடினார்கள், நான் உட்கார்ந்தேன். அந்த இரண்டாவது வரியைத்தான் எழுதவில்லை. பதினெட்டாம் நாள் அவர் இறந்துபோனார். அதற்குள் உன் பதில் வந்துவிட்டது. வார்டில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன் என்றும், மிலி பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று சொன்னாள் என்றும் எழுதியிருந்தாய். அதற்கப்புறம் அந்த இரண்டாவது வரிக்கு எந்தக் கடிதத்திலும் இடம் கிடைக்கவில்லை.

நீ கேட்ட மனிதரின் பெயர் டான் அன்செல்மோ. எண்பத்தோரு வயது. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். வாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. மகள் துணிக்கடை வைத்திருக்கிறாள். நாலு வருஷமாக நான் அவர் வீட்டிலேயே இருந்து பார்த்துக்கொள்கிறேன். உறைமேல் இருக்கும் முகவரி அவருடையது.

நெரிஸ் வந்த காலையில் கதவைத் திறந்தவள் நான்தான். ஏப்ரன் கட்டி, முழங்கை வரை ஈரம். அவள் என்னைப் பார்த்தாள், பின்னால் நாற்காலியில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். அவள் கேட்ட முதல் கேள்வி, “நான் ஒரு கை பிடிக்கட்டுமா?”

இருவருமாகக் குளிப்பாட்டினோம். அன்று நாள் முழுக்கக் கேள்விதான். எப்படித் தூக்குகிறாய், முதுகில் புண் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறாய், புரையேறினால் என்ன செய்வாய். டான் அன்செல்மோ என்னிடம், “இந்தப் பொண்ணுகிட்ட டிக்கெட் இருக்கா? ரொம்பப் பேசுது” என்றார். போகும்போது, அக்காவிடம் சொல்லாதே என்று கெஞ்சினேன். “பொய் சொல்ல மாட்டேன். எழுதாம வேணும்னா இருப்பேன்” என்றாள். அதைத்தான் நீ கண்டுபிடித்துவிட்டாய்.

ஏன் நர்ஸாகவில்லை என்று அடுத்து கேட்பாய். என் பட்டத்தை இங்கே ஏற்றுக்கொள்ள விண்ணப்பித்தேன். 2003-இல் பதில் வந்தது. எல்லாம் சரி, ஒரே ஒரு சான்றிதழ் வேண்டும், படிக்கும்போது எந்தெந்த வார்டில் எத்தனை மணி நேரம் பயிற்சி செய்தேன் என்று அந்த ஆஸ்பத்திரியே பதிவேட்டைப் பார்த்து எழுதித் தர வேண்டும். நேரம் குறைந்தால் மீதியை இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் மாணவியாகச் செய்யலாம்.

அந்தப் பதிவேடு யார் கையெழுத்தில் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். பிள்ளைகள் வார்டில் என்ன நடந்தது என்பதும் தெரியும். எனக்காக ஒரு முறை கையெழுத்துப் போட்டாய். அதையே இன்னொரு முறை, ஒரு வெளிநாட்டு அரசாங்கத்துக்குப் போடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காமல் மூன்று வருஷம் போய்விட்டது.

கோபப்படு. ஆனால் முழங்காலை வருத்திக்கொள்ளாதே.

யோவானா

•

அயகூச்சோ
20 செப்டம்பர் 2006

யோவானாவுக்கு,

உயிரோடு இருக்கிறோம், நலமாகவும் இருக்கிறோம். நீயும் அப்படியே இரு.

மூன்று நாள் உன்னைத் திட்டினேன். நீ பக்கத்தில் இல்லாததால் சட்டியையும் அடுப்பையும் திட்டினேன். நான்காம் நாள் எதற்காகத் திட்டுகிறேன் என்று யோசித்தேன். ஒரு மனிதரை நாலு வருஷம் படுக்கைப்புண் இல்லாமல் வைத்திருப்பதை என் வார்டிலேயே எத்தனை பேர் செய்துவிட முடியும்? அதை ஒளித்து வைத்தாயே, அதற்குத்தான் எனக்கு ஆறவில்லை. இனிப்பு வாங்கிக் கொடுத்து உன் வாயை அடைத்தவளும் நான்தான் என்பது ஐந்தாம் நாள் தோன்றியது.

பிறகு சலவைக்கூடத்துக்குப் பின்னாலிருக்கும் கொட்டகைக்குப் போனேன். சாவி கிறிஸோலோகோவிடம் இருந்தது.

“பதினாறு வருஷத்துப் பழைய பதிவேடு எதுக்கு டோன்யா?”

“அப்ப என் கையெழுத்து எப்படி இருந்துச்சுன்னு பாக்கணும்.”

“அத எலிகிட்டதான் கேக்கணும்” என்று கதவைத் திறந்துவிட்டான்.

எலி ஓரத்தைத்தான் தின்றிருந்தது. 1990-ஆம் வருஷம், உன் பெயர், பக்கம் முழுக்க என் கை. அறுவை வார்டு, பிரசவ வார்டு, எல்லாம் உள்ளது உள்ளபடி. கடைசி வரி: பிள்ளைகள் வார்டு, நூற்றெண்பது மணி நேரம், முடித்தாள். நீ அந்த வார்டுக்குள் ஒரு மணி நேரம்கூட இருக்கவில்லை. அங்கே அம்மை பரவியிருந்தது, உன் வயிற்றில் மிலி இருந்தாள். உன்னை வாசலோடு திருப்பி அனுப்பியதும் நான்தான், முடித்தாள் என்று எழுதியதும் நான்தான். திருப்பி அனுப்பியதில் தப்பில்லை. எழுதியதுதான் தப்பு.

சான்றிதழ்த் தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். பதிவேட்டில் இருப்பதை அப்படியே பார்த்து எழுதினால் போதும். கேட்பவர் யாரும் இல்லை. நீ அடுத்த வருஷம் நர்ஸ். பேனாவைக்கூடத் திறந்துவிட்டேன். அந்த வேல்ஸ்காரி இரண்டு நாளுக்காகச் சாயங்காலங்களில் நின்றாளே, அந்த உருவம் கண்ணை விட்டுப் போகவில்லை.

பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு மேட்ரனிடம் போனேன். அவர் ரொம்ப நேரம் படித்தார்.

“இத இப்ப வந்து ஏன் சொல்ற ஓஃபேலியா? யாரும் கேக்கலையே.”

“கேட்டாங்க. தங்கச்சிக்குச் சான்றிதழ் வேணும். அதுல பொய் எழுத மாட்டேன்.”

அவர் முன்னாலேயே அந்த வரியை அடித்தேன். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். ஒரு வருஷத்துக்கு என் வார்டுக்குப் பயிற்சி மாணவிகள் கிடையாது. போகட்டும், காதுக்கு ஓய்வு.

சான்றிதழ் இத்துடன் வருகிறது. நூற்றெண்பது மணி நேரம் குறைவு என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். மீதியை நீ அங்கே செய். முப்பத்தெட்டு வயதில் மாணவியா என்று என்னிடம் கேட்காதே.

மிலியிடம் நான் சொல்ல மாட்டேன். அது உன் கடிதம். எழுது.

சாப்பாட்டில் அசட்டை வேண்டாம்.

அக்கா ஓஃபேலியா

•

அயகூச்சோ
8 பிப்ரவரி 2007

அம்மாவுக்கு,

மிலி எழுதுகிறேன். நான் நலம். பெரியம்மாவும் நலம். முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு கார்னிவல் ஆட்டத்துக்கு ஒத்திகை பார்க்கிறாள். நீ எப்படி இருக்கிறாய்?

அக்டோபரில் நீ எழுதிய கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. நவம்பர் கடிதத்துக்கும் கிறிஸ்துமஸ் அட்டைக்கும் போடவில்லை. வேண்டுமென்றேதான். ஆறு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் நான் சொன்னதெல்லாம் பொய்யாகிவிட்டது. லிஸ்பெத்திடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள், “அப்ப உங்கம்மா அங்க என்னதான் பண்றாங்க?” என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அது எனக்கு இன்னும் கோபமாக இருந்தது. நீ செய்ததைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது.

அதனால் உன் பழைய கடிதங்களைப் பெரியம்மாவிடம் வாங்கி வாசித்தேன். நெரிஸுக்கும் எழுதிக் கேட்டேன். இந்த முறை அவள் மறைக்காமல் எழுதிவிட்டாள், ஆறு பக்கம், படம் போட்டு. ஆளை நாற்காலியிலிருந்து எப்படித் தூக்குவது என்று அம்புக்குறி எல்லாம் இருக்கிறது. நான் பெரியம்மாவைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு பேரும் விழுந்தோம்.

பிப்ரவரி பதினான்காம் தேதி ஆஸ்பத்திரியில் சேர்கிறாய் என்று ஜனவரியில் எழுதியிருந்தாய். தினமும் ஆறு மணி நேரம், முப்பது நாள். அதில் ஒன்றை மட்டும் நீ எழுதவில்லை. நீ போய்விட்டால் டான் அன்செல்மோவை யார் குளிப்பாட்டுவார்கள்?

கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் இதற்குப் பதில் போடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மிலாக்ரோஸ்

•

சரகோசா
2 மார்ச் 2007

என் மிலிக்கு,

அம்மா நலம். கால் மட்டும் வீங்குகிறது, ஆறு மணி நேரம் நின்று பழக்கம் விட்டுப்போயிற்று. பெரியம்மா கார்னிவலில் ஆடினாளா? முழங்கால் தாங்கியதா? நீ இனிமேல் யாரையும் தூக்காதே. தூக்குவதென்றால் முதலில் உன் முழங்காலை மடக்கு.

உன் கடிதத்தை டான் அன்செல்மோவுக்கு வாசித்துக் காட்டினேன். தன்னைப் பற்றிப் பெருவில் ஒரு பெண் கேட்கிறாள் என்றதும் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். வார நாட்களில் அவர் மகள் குளிப்பாட்டுகிறாள். இரண்டு வாரம் பக்கத்தில் நின்று பழக்கினேன். ஞாயிறு மட்டும் நான். முதல் மூன்று நாள் என்னோடு அவர் பேசவில்லை. நான்காம் நாள் நான் ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது, “எந்த வண்டியில போற? நேரத்துக்கு வருதா?” என்று கேட்டார். வருகிறது என்றேன். அதிலிருந்து சமாதானம்.

நான் செய்ததைப் பற்றித் தெரியாது என்று எழுதியிருந்தாய். இனி கேள், ஒவ்வொன்றாக எழுதுகிறேன். இப்போதைக்கு நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

பிள்ளைகள் வார்டில் எனக்கு மேல் இருப்பவள் இருபத்தைந்து வயது நர்ஸ். கண்டிப்பானவள், நல்லவள். நேற்றோடு பன்னிரண்டு நாள் முடிந்தது. மூன்றாம் படுக்கையில் ஏழு வயதுப் பையன், குடல்வால் எடுத்திருக்கிறார்கள். ஊசித் தட்டோடு நான் போனதும் என் சட்டையில் குத்தியிருந்த அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்தான்.

“மாணவின்னு போட்டிருக்கு. நீங்க நர்ஸ் இல்லையா?”

“இல்ல. இன்னும் படிக்கிறேன்.”

“எங்கம்மாவவிட வயசானவங்களா இருக்கீங்க.”

“இருப்பேன்.”

“ஃபெயிலாயிட்டீங்களா?”

“இல்லப்பா. இந்த வார்டுல மட்டும் கொஞ்சம் பாக்கி வச்சிட்டேன். இன்னும் நூத்தியெட்டு மணி நேரம்.”

அவன் என்னையும் அந்த இளம் நர்ஸையும் மாறி மாறிப் பார்த்தான். யோசித்து ஒரு முடிவுக்கு வந்தவன் போல முகத்தை வைத்துக்கொண்டான்.

“அப்ப ஊசிய அந்தக்கா போடட்டும். நீங்க கையப் புடிச்சுக்கோங்க.”

பிடித்துக்கொண்டேன்.

முட்டையில் வெள்ளையோடு மஞ்சளையும் சாப்பிடு. பதில் எழுது.

உன் அம்மா